பூனைக்கு விருந்து! கோர்ட்டில் வழக்கு!

அடுத்த வீட்டுப் பூனைக்குத் தீனி போடலாமா? இங்கிலாந்தில் நடக்கும் வேடிக்கையும் வேதனையும்

பூனைக்குத் தீனி போட்டதற்காக ஒரு வழக்கு!

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இது கட்டுக்கதை அல்ல. லண்டன் நகரில் நடந்த சம்பவம்.

அங்கே ஒரு கணவனும் மனைவியும் ஆசையாக ஒரு பூனை வளர்த்து வந்தார்கள். அந்தப் பூனை அடிக்கடி காணாமல் போகும். பிறகு திரும்பி வரும். சில சமயம் அதன் கழுத்தில் இவர்கள் கட்டிய பட்டை இருக்காது. வேறு ஒரு புதுப் பட்டை இருக்கும்!

யார் கட்டியது?

விசாரித்தார்கள். விஷயம் வெளியாயிற்று. அக்கம்பக்கத்தில் வசித்த ஒரு பெண்மணி அந்தப் பூனைக்குத் தீனி கொடுத்து வந்தார். தன் வீட்டுக்குள்ளும் விட்டு வந்தார்.

"வேண்டாம், நிறுத்துங்கள்" என்று பூனைக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். பலன் இல்லை. வக்கீலிடம் போனார்கள்.

2020-ம் ஆண்டு ஜனவரி மாதம் வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. விசாரணை நடக்க இருந்த நேரத்தில் சமரசம் ஏற்பட்டது. "இனி இந்தப் பூனைக்குத் தீனி கொடுக்க மாட்டேன். வீட்டுக்குள் விடமாட்டேன்" என்று அந்தப் பெண்மணி உறுதிமொழி கொடுத்தார்.

வழக்குக்கு ஆன செலவு 20 ஆயிரம் பவுனுக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பணத்தில் ஒரு பூனைக்கு ஆயுள் முழுவதும் மீன் வாங்கிப் போடலாம். மிச்சமும் இருக்கும்!

இரண்டு பக்கமும் அன்பு

இந்த மாதிரித் தகராறுகளில் ஒரு விசித்திரம் உண்டு. பூனையை அடித்தார்கள் என்று புகார் இல்லை. பட்டினி போட்டார்கள் என்று புகார் இல்லை. அன்பு காட்டினார்கள் என்றுதான் புகார்!

ஒரு பூனை மீது இரண்டு வீட்டார் பாசம் வைக்கிறார்கள். அந்தப் பாசமே அவர்களைப் பகையாளிகள் ஆக்கிவிடுகிறது.

கோர்ட்டு வரை போவது அபூர்வம். ஆனால் தகராறு அபூர்வம் அல்ல. பிரிட்டனில் வீடுகளில் வளரும் பூனைகள் மட்டும் சுமார் 1 கோடி. அவற்றில் ஏராளமான பூனைகள் இஷ்டம்போல வெளியே போய் வருகின்றன. கதவின் அடியில் பூனைக்கென்றே ஒரு சின்னக் கதவு வைத்திருப்பார்கள். பூனை தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே போகும். எப்போது பசிக்கிறதோ அப்போது வரும்.

நடுவில் அது எந்த வீட்டுக்குப் போனது? யார் மடியில் உட்கார்ந்தது? என்ன தின்றது? யாருக்கும் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்துச் சட்டப்படி, வீட்டில் வளரும் பூனை ஒரு சொத்து. சைக்கிள், கைக்கடிகாரம் மாதிரி அதற்கும் உரிமையாளர் உண்டு. 1968-ம் ஆண்டு வந்த திருட்டுச் சட்டம் பூனைக்கும் பொருந்தும். திருப்பிக் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் அடுத்தவர் பூனையை எடுத்து வைத்துக்கொண்டால், அது திருட்டு!

2024-ம் ஆண்டு இன்னொரு சட்டமும் வந்தது. நாய், பூனைகளைக் கடத்துவதைத் தடுக்கும் சட்டம் அது. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் 24-ந் தேதி இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் அமலுக்கு வந்தது. பிறர் பூனையைக் கடத்திப் போனால் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கும்.

அப்படியானால் வாசலில் ஒரு கிண்ணம் வைத்தால் ஜெயிலா?

இல்லை. பயப்பட வேண்டாம். கிண்ணம் வைப்பது மட்டும் திருட்டு ஆகிவிடாது. ஆனால் கிண்ணத்தோடு யாரும் நிறுத்துவது இல்லை. அங்கேதான் வில்லங்கம்!

முதல் நாள், வாசலில் ஒரு கிண்ணம். மறுநாள், சமையலறையில் ஒரு தட்டு. மழை பெய்தால் கட்டிலின் ஓரத்தில் ஒரு துணி விரிப்பு. ஒரு வாரம் போனால் பூனைக்கு ஒரு பெயர். ஒரு மாதம் போனால் கழுத்தில் ஒரு பட்டை.

அப்புறம்? "எங்கள் பூனை!"

அதே நேரத்தில், நாலு வீடு தள்ளி ஒரு குழந்தை, "அம்மா, நம் பூனையைக் காணோமே!" என்று அழுதுகொண்டு இருக்கும்.

ஒன்பதாயிரம் ஆண்டுப் பழக்கம்

இதில் பூனையைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அதன் சுபாவம் அது.

மனிதனும் பூனையும் சிநேகமானது மிகப் பழைய கதை. மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் என்ற தீவு இருக்கிறது. அங்கே சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு மனிதரின் சமாதியைத் தோண்டினார்கள். பக்கத்திலேயே ஒரு பூனையின் எலும்புக்கூடும் இருந்தது! 2004-ம் ஆண்டு விஞ்ஞானிகள் இதை வெளியிட்டார்கள்.

ஆதி மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. யாரும் அதைக் கயிறு போட்டு இழுத்து வரவில்லை. தானாக வந்தது. எங்கே எலி அதிகமோ அங்கே தங்கியது.

நாய் ஓர் எஜமானைத் தேடுகிறது. பூனை ஓர் இடத்தைத் தேடுகிறது. சாப்பாடு, வெயில் படும் திண்ணை, தொந்தரவு இல்லாத மூலை. இவை மூன்றும் இருந்தால் போதும். எங்கே இருந்தாலும் அது தன் வீடுதான்.

ஐம்பது பூனைகளின் ரகசியம்

பூனை வெளியே போய் என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க, 2013-ம் ஆண்டு ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது.

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஷாம்லி கிரீன் என்ற கிராமம். அங்கே 50 பூனைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியை அவற்றின் கழுத்தில் கட்டினார்கள். சில பூனைகளுக்கு மிகச் சிறிய காமிராவும் கட்டினார்கள். பி.பி.சி. நிறுவனமும், மிருக வைத்தியக் கல்லூரி ஒன்றின் விஞ்ஞானிகளும் சேர்ந்து இதைச் செய்தார்கள்.

காமிராவில் பதிவான காட்சியைப் பார்த்தவர்கள் திகைத்துவிட்டார்கள்.

பூனைகள் அடுத்த வீட்டின் சின்னக் கதவு வழியாக மெல்ல உள்ளே நுழைந்தன. அந்த வீட்டுப் பூனையின் கிண்ணத்தில் வாய் வைத்தன. ஒன்றும் தெரியாததுபோல் வெளியே வந்துவிட்டன! அழைப்பு இல்லாத விருந்தாளிகள்!

பூனை வெகு தூரம் போவதும் இல்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உள்ளிட்ட 6 நாடுகளில் 900-க்கும் மேற்பட்ட பூனைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆராய்ச்சி 2020-ம் ஆண்டு வெளியாயிற்று. பெரும்பாலான பூனைகள் வீட்டில் இருந்து 100 மீட்டருக்குள்ளேயே சுற்றுகின்றன என்று அதில் தெரியவந்தது.

இதற்கு என்ன அர்த்தம்? உங்கள் வாசலில் ஒரு பூனை தினமும் வந்து நின்றால், அதன் சொந்த வீடு பத்து வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்!

பசி நடிப்பு

"அது எப்படி? பாவம், எவ்வளவு பசியோடு கத்துகிறது! வீட்டில் சாப்பாடு கிடைத்தால் இப்படிக் கத்துமா?" என்று கேட்கலாம்.

கத்தும்! நன்றாகக் கத்தும்!

வளர்ந்த பூனைகள் ஒன்றோடு ஒன்று "மியாவ்" என்று பேசிக்கொள்வது மிகவும் குறைவு. குட்டி தாயைப் பார்த்துக் கத்தும். வளர்ந்த பூனையோ, பெரும்பாலும் மனிதரைப் பார்த்துத்தான் கத்துகிறது. கத்தினால் தட்டு வரும் என்று கற்றுக்கொண்டு இருக்கிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. பூனை சந்தோஷமாக இருந்தால் தொண்டைக்குள் "குர்... குர்..." என்று ஓர் ஒலி எழுப்பும். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காரென் மெக்கோம்ப் என்ற பெண் விஞ்ஞானி அந்த ஒலியை ஆராய்ந்தார். 2009-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்.

சாப்பாடு கேட்கும்போது மட்டும் அந்தக் "குர்"ருக்குள் இன்னொரு மெல்லிய அழுகுரல் ஒளிந்திருக்கிறதாம். அதன் சுருதி, கைக்குழந்தையின் அழுகைச் சுருதிக்குக் கிட்டத்தட்டச் சமம்! பூனையே வளர்க்காதவர்கள்கூட அதைக் கேட்டதும், "ஏதோ அவசரம்" என்று சொன்னார்கள்.

குழந்தை அழுதால் எந்தத் தாயால் சும்மா இருக்க முடியும்? பூனை அந்த இடத்தில்தான் தொடுகிறது.

ஆகவே, பூனையின் குரலை மட்டும் நம்பக்கூடாது. இப்போதுதான் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்திருக்கும். உங்களிடமும் அதே பாட்டுப் பாடும்.

ஒரு கைப்பிடி தீனியில் ஆபத்தா?

"இருக்கட்டுமே! இன்னொரு வாய் தின்றால் என்ன குடி முழுகிவிடும்?"

சில சமயம் முழுகிவிடும்!

மனிதருக்கு வருவதுபோல் பூனைக்கும் நீரிழிவு வருகிறது. அந்தப் பூனைகளுக்குப் பொதுவாகத் தினம் 2 வேளை இன்சுலின் ஊசி போடுவார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு தீனி என்பதற்குக் கணக்கு உண்டு.

இப்போது அடுத்த வீட்டு அம்மாள் ரகசியமாக ஒரு தட்டு வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூனையின் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. "மருந்து போதவில்லை போலும்" என்று டாக்டர் இன்சுலின் அளவைக் கூட்டுகிறார். ஒரு நாள் அந்த அம்மாள் ஊருக்குப் போய்விடுகிறார். ரகசியத் தட்டு இல்லை. ஆனால் ஊசி மட்டும் பழைய அளவில் ஏறுகிறது. சர்க்கரை திடீரென்று இறங்குகிறது. பூனைக்கு வலிப்பு வருகிறது. உயிரும் போகலாம்.

வளர்த்தவருக்குக் காரணம் தெரியாது. தீனி வைத்தவருக்கு விஷயமே தெரியாது. நல்ல மனதோடு வைத்த ஒரு தட்டு!

வயதான பூனைகளுக்குச் சிறுநீரக நோய் சகஜம். அவற்றுக்கென்று தனியாகத் தயாரித்த உணவு கொடுப்பார்கள். வெளியில் போய் வேறு எதையாவது தின்றால் அந்தப் பத்தியம் கெட்டுப்போகும்.

ஆபரேஷனுக்கு முந்திய இரவு, பூனையை வெறும் வயிற்றோடு வைத்திருக்கச் சொல்வார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி எடுத்து, அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. காலையில் பூனை வெளியே நழுவி, பக்கத்து வீட்டில் விருந்து சாப்பிட்டு வந்தால் என்ன ஆகும்?

எலும்பும் தோலுமான பூனை

இதைவிட ஆச்சரியம் ஒன்று இருக்கிறது.

ஒரு கிழட்டுப் பூனை வருகிறது. எலும்பும் தோலுமாக இருக்கிறது. வைத்ததை எல்லாம் ஆவலோடு தின்கிறது. "அடப் பாவமே! எந்தப் பாவி இதைப் பட்டினி போட்டான்?" என்று மனம் கொதிக்கிறது.

ஆனால் யாரும் பட்டினி போட்டிருக்க மாட்டார்கள்! வயதான பூனைகளுக்குத் தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்யும் நோய் வருவது உண்டு. எவ்வளவு தின்றாலும் உடம்பு இளைக்கும். பசி மட்டும் அடங்காது.

அந்த நோய்க்கு அயோடின் மிகக் குறைந்த உணவு ஒரு சிகிச்சை. அதைத் தவிர வேறு எதையும் பூனை தொடக்கூடாது. வெளியில் சில வாய் தின்றாலும் சிகிச்சை வீண்.

வீட்டில் மருந்தும் மாயமுமாக அந்தப் பூனையைக் காப்பாற்றிக்கொண்டு இருப்பார்கள். வெளியில் அவர்களுக்குப் "பாவி" என்று பட்டம்!

கொழுத்த பூனை

நோய் இல்லாத பூனைக்கும் இரட்டைச் சாப்பாடு நல்லது அல்ல.

4 கிலோ எடையுள்ள பூனை அரை கிலோ கூடினால் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதர் ஏழரை கிலோ கூடுவதற்கு அது சமம்! உடல் பருத்தால் நீரிழிவும் மூட்டு வலியும் பின்னாலேயே வரும்.

பூனைக்குப் பால் பிடிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் ஜீரணம் ஆகாது. வயிற்றுப்போக்கு வரும். குடிக்கத் தண்ணீர்தான் நல்லது.

வெங்காயம், பூண்டு சேர்ந்த பண்டம் கூடவே கூடாது. அவை பூனையின் ரத்த அணுக்களைக் கெடுத்துவிடும்.

நாய்க்குப் போடும் தீனியையே பூனைக்கும் போட்டு வளர்ப்பதும் தப்பு. டாரின் என்ற ஒரு சத்து பூனைக்கு அவசியம். அது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. அது போதிய அளவு கிடைக்காவிட்டால் கண் பார்வை கெடும். இருதயமும் பலவீனம் அடையும். இருதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987-ம் ஆண்டு அமெரிக்க டாக்டர்கள் நிரூபித்தார்கள்.

யாருடைய பூனை? கண்டுபிடிப்பது எப்படி?

சரி, வாசலில் ஒரு பூனை வந்து நிற்கிறது. என்ன செய்வது? விரட்டிவிடுவதா?

வேண்டாம். முதலில், அது யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு இங்கிலாந்தில் 3 வழிகள் சொல்கிறார்கள்.

முதல் வழி, கேட்பது. பக்கத்து வீடு, எதிர் வீடு, பின் தெரு. "இந்தப் பூனை உங்களுடையதா?" என்று ஒரே ஒரு கேள்வி. காசு செலவு இல்லை. ஆனால் பலர் செய்யத் தயங்குவது இதைத்தான்! "உங்களுடையது" என்று பதில் வந்துவிட்டால், பூனை போய்விடுமே என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

இரண்டாவது வழி, காகிதப் பட்டை. பூனைகளைப் பாதுகாக்கும் சங்கங்கள் இந்த யோசனையைச் சொல்கின்றன. ஒரு துண்டுக் காகிதத்தில், "இந்தப் பூனைக்கு உரிமையாளர் உண்டா? இருந்தால் இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்" என்று எழுத வேண்டும். பூனையின் கழுத்தில் லேசாகச் சுற்றி ஒட்டிவிட வேண்டும். சொந்த வீட்டுக்குப் போனதும் அவர்கள் படிப்பார்கள். உடனே போன் வரும்!

கயிறோ துணியோ கட்டக்கூடாது. எங்கேயாவது மாட்டிக்கொண்டால் கழுத்து இறுகிவிடும். காகிதம் என்றால் இழுத்ததும் கிழிந்துவிடும். பூனைக்கு ஆபத்து இல்லை.

அரிசி அளவில் ஒரு அடையாளச் சீட்டு

மூன்றாவது வழி, மைக்ரோசிப்.

இது ஓர் அரிசி அளவே உள்ள சின்னஞ்சிறு கருவி. பூனையின் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசி மூலம் செலுத்துவார்கள். அதில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். பேட்டரி கிடையாது. பூனை எங்கே போகிறது என்று அது காட்டாது. மேலே ஒரு கருவியைக் காட்டினால் எண்ணை மட்டும் சொல்லும். அந்த எண்ணை வைத்து, பதிவேட்டில் உரிமையாளரின் பெயரையும் விலாசத்தையும் கண்டுபிடித்துவிடலாம்.

2024-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி முதல் இங்கிலாந்தில் வீட்டுப் பூனைகளுக்கு மைக்ரோசிப் கட்டாயம். பூனைக்கு 20 வாரம் ஆவதற்குள் போட்டுவிட வேண்டும். போடாதவர்களுக்குச் சிறிது காலம் தவணை கொடுப்பார்கள். அப்புறமும் போடாவிட்டால் 500 பவுன் வரை அபராதம்!

இப்போது புதுவிதச் சின்னக் கதவுகளும் வந்துவிட்டன. சொந்தப் பூனையின் சிப்பைப் படித்தால்தான் கதவு திறக்கும். வேற்றுப் பூனை முட்டினால் திறக்காது. விருந்தாளி வெளியே நிற்க வேண்டியதுதான்!

ஆனால் ஒன்று. சிப் இருந்து என்ன பயன்? யாராவது பூனையைக் கொண்டுபோய்க் காட்டினால்தானே எண் தெரியும்!

ஒரு பூனை வழி தவறிப் பல மைல் தள்ளிப் போய்விடுகிறது. யாரோ ஒரு புண்ணியவாட்டி அதற்குச் சாப்பாடு போடுகிறார். தன்னுடனேயே வைத்துக்கொள்கிறார். "பாவம், யாரும் இல்லாத பூனை" என்று நினைத்துக்கொள்கிறார். அங்கே பூனையைப் பறிகொடுத்தவர்கள் கம்பத்துக்குக் கம்பம் நோட்டீசு ஒட்டி அலைகிறார்கள். மிருக டாக்டரிடம் ஒரு முறை கொண்டு போயிருந்தால் சில நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். சாப்பாடு கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை.

உண்மையிலேயே யாரும் இல்லாவிட்டால்?

எல்லாப் பூனைக்கும் வீடு இருக்கிறது என்று சொல்ல முடியாது. கைவிடப்பட்ட பூனைகள் உண்டு. தெருவிலேயே பிறந்து வளர்ந்தவையும் உண்டு.

மனிதரோடு பழகாத பூனை கிட்டே வராது. தட்டை வைத்துவிட்டு நாம் தூரப் போனால்தான் தின்ன வரும். காலில் வந்து உரசாது. இடது காதின் நுனி நேராக வெட்டப்பட்டு இருந்தால், பிரிட்டனில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. பொதுவாக வாழும் அந்தப் பூனைக்கு ஏற்கனவே கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். மறுபடியும் பிடித்து அவதிப்படுத்த வேண்டியது இல்லை.

பூனைகளுக்கென்றே 1927-ம் ஆண்டு லண்டனில் ஒரு பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். இன்றும் அது வேலை செய்கிறது. அநாதைப் பூனைகளுக்குப் புது வீடு தேடிக் கொடுக்கிறது.

பூனை காயத்தோடு இருக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? அப்போது உரிமையாளரைத் தேடிக்கொண்டு இருக்கக்கூடாது. உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். தேடுவது பிறகு.

கேட்டுப் பார்த்தாகிவிட்டது. காகிதப் பட்டை கட்டியாகிவிட்டது. சிப்பும் இல்லை. ஒருவரும் வரவில்லை. அப்படியானால் அந்தப் பூனைக்கு ஒரு வீடு தேவை. தைரியமாகக் கிண்ணத்தை வைக்கலாம். ஆனால் அன்றோடு பொறுப்பும் சேர்ந்து வரும். தடுப்பூசி, கருத்தடை, வைத்தியச் செலவு எல்லாம் உங்களுடையது!

ஊருக்கே சொந்தமான பூனைகள்

இங்கிலாந்தில் பூனைக்கு ஒரு வீடு என்றால், ஊரே வீடாக உள்ள பூனைகளும் உலகில் இருக்கின்றன. துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரம் அதற்குப் பேர்போனது.

அங்கே பூனைகள் தெருவில் வாழ்கின்றன. கடைக்காரர் தீனி வைப்பார். காப்பிக்கடைக்காரர் தண்ணீர் வைப்பார். "யாருடைய பூனை?" என்று கேட்டால், "எல்லாருடைய பூனை!" என்பார்கள்.

தொம்பிலி என்று ஒரு குண்டுப் பூனை இருந்தது. அந்தச் சொல்லுக்கே "கொழுகொழு" என்று அர்த்தம். நடைபாதைப் படியில் முழங்கையை ஊன்றி, பெரிய மனிதர்போல் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். 2016-ம் ஆண்டு அது இறந்துபோனது. அதே ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, அது உட்கார்ந்த இடத்திலேயே அதற்குச் சிலை வைத்துவிட்டார்கள்!

அங்கே ஒருவர் தீனி வைப்பது அடுத்தவருக்குத் தெரியும். ஒளிவுமறைவு இல்லை. லண்டன் வழக்குக்கும் இஸ்தான்புல் சிலைக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது.

ஆறு சாப்பாட்டுப் பூனை

இதையே ஒரு குழந்தைக் கதை அழகாகச் சொல்கிறது. இங்கா மூர் என்ற பெண் எழுத்தாளர் 1990-ம் ஆண்டு வெளியிட்ட படக்கதை அது.

கதாநாயகன் சிட் என்ற கறுப்புப் பூனை. அரிஸ்டாட்டில் தெருவில் 6 வீடுகளில் அது வாழ்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர். தினம் 6 சாப்பாடு! அந்தத் தெருவில் யாரும் யாரோடும் பேசுவது இல்லை. ஆகவே குட்டு வெளிப்படவில்லை.

ஒரு நாள் சிட்டுக்கு இருமல் வருகிறது. 6 வீட்டாரும் தனித்தனியே மிருக டாக்டரிடம் தூக்கிப்போகிறார்கள். ஒரே இருமலுக்கு 6 முறை மருந்து! டாக்டருக்குச் சந்தேகம் வருகிறது. எல்லாருக்கும் விஷயம் தெரிகிறது. "இனி ஒரு வேளைதான் சாப்பாடு" என்று 6 வீட்டாரும் முடிவு கட்டுகிறார்கள்.

சிட் சும்மா இருக்குமா? வேறு தெருவுக்குக் குடிபோகிறது. அங்கேயும் 6 வீடு. அங்கேயும் 6 சாப்பாடு. ஆனால் இந்தத் தடவை யாரும் கோபப்படவில்லை. காரணம், அந்தத் தெருக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்கள். முதலில் இருந்தே எல்லாருக்கும் எல்லாம் தெரியும்!

குழந்தைகள் சிரிப்பதற்காக எழுதிய கதை. ஆனால் 20 ஆயிரம் பவுன் செலவழித்துக் கோர்ட்டில் கற்ற பாடமும் இதேதான்.

பூனைக்கு ஒரு வாய் கொடுக்க ஆசையா? தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கிண்ணத்தை எடுப்பதற்கு முன், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பூனைக்கும் நல்லது. பக்கத்து வீட்டுச் சிநேகமும் நிலைக்கும்.